ஆர்.ஓ. அமைப்பின் முதல் கட்டத்தில் அழுத்த வேறுபாடு ஐந்து வாரத்துக்கு ஒருமுறை ஏறுகிறது: காரணத்தை எங்கே தேடுவது?

கேள்வி – பெருந்துறை_பராமரிப்பு

அனைவருக்கும் வணக்கம். பெருந்துறைப் பக்கம் உள்ள ஓர் உணவுப் பதப்படுத்தும் ஆலையில் பாய்லர், குளிர்பதனம், நீர் சுத்திகரிப்பு ஆகியவற்றின் பராமரிப்பைக் கவனித்து வருகிறேன். நீரை மெம்பரேன் எனும் சவ்வுகள் வழியே அழுத்தி உப்பைப் பிரிக்கும் எங்கள் ஆர்.ஓ. அமைப்பு மணிக்கு 20 கன மீட்டர் ஆழ்துளைக் கிணற்று நீரை எடுத்துக்கொண்டு 15 கன மீட்டர் நல்ல நீரை (பெர்மியேட்) தருகிறது. மீதி 5 கன மீட்டர் உப்பு செறிந்த ரிஜெக்டாக வெளியேறுகிறது. முதல் கட்டத்தில் இரண்டு வெசல்கள் (மெம்பரேன்களை வரிசையாக அடுக்கும் நீண்ட உருளைகள்), முதல் கட்டம் விட்ட நீரைப் பெறும் இரண்டாம் கட்டத்தில் ஒன்று, வெசலுக்கு ஆறு என மொத்தம் பதினெட்டு எட்டங்குல மெம்பரேன்கள் (எலிமென்ட்கள்) உள்ளன. நாளொன்றுக்கு ஏறத்தாழ இருபது மணி நேரம் ஓடுகிறது.

நீர் வரும் வழியையும் சொல்லிவிடுகிறேன். கிணற்று நீர் 60 கன மீட்டர் கொள்ளளவுள்ள தரைமட்டத் தொட்டிக்கு வருகிறது. அங்கே கிருமி நீக்கும் குளோரினுக்காக ஹைப்போகுளோரைட் சேர்க்கிறோம். பிறகு 1.5 மீட்டர் விட்டமுள்ள மணல் ஃபில்டர், அதே விட்டமுள்ள கார்பன் ஃபில்டர், அதன் பின் எஞ்சிய குளோரினை நீக்கும் சோடியம் மெட்டாபைசல்பைட், உப்பு படியாமல் தடுக்கும் ஆன்டிஸ்கேலன்ட் ஆகிய இரண்டின் டோசிங், கடைசியாக 5 மைக்ரான் காட்ரிட்ஜ் ஃபில்டர். கடைசியாக எடுத்த ஆய்வறிக்கையின்படி கிணற்று நீரில் டி.டி.எஸ். (கரைந்துள்ள மொத்த உப்பு) 1,850, மொத்தக் கடினத்தன்மை 620, காரத்தன்மை 380, சிலிக்கா 26, இரும்பு 0.1க்குக் கீழ், எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்.

சிக்கல் இதுதான். மெம்பரேன்களைக் கழுவி முடித்த அன்று முதல் கட்டத்தின் அழுத்த வேறுபாடு (நீர் உள்ளே செல்லும் அழுத்தத்துக்கும் வெளியே வரும் அழுத்தத்துக்கும் உள்ள இடைவெளி) 1.3 பார் அளவில் இருக்கிறது. ஐந்து வாரத்துக்குள் அது 2.4 பாரைத் தொட்டுவிடுகிறது. இரண்டாம் கட்டத்தில் ஏறக்குறைய மாற்றமே இல்லை. பெர்மியேட்டின் அளவு மெல்லக் குறைகிறது, ஆனால் அதன் உப்பின் அளவு கூடவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நான்கு மாதத்துக்கு ஒருமுறை கழுவினால் போதுமாக இருந்தது. இப்போது ஒவ்வொரு முறையும் சிட்ரிக் அமிலத்தில் மூன்று வெசல்களையும் சேர்த்து இரண்டு மணி நேரம் சுழற்றுகிறோம். கொஞ்சம் இறங்குகிறது, பிறகு முன்னைவிட விரைவாக ஏறுகிறது.

மருந்து விற்பவர் இதை உப்புப் படிவு என்கிறார். ஆன்டிஸ்கேலன்ட் அளவை லிட்டருக்கு 4 மில்லிகிராமிலிருந்து 7க்கு உயர்த்தச் சொல்கிறார். அமைப்பை நிறுவிக் கொடுத்தவர்களோ மெம்பரேன்களின் ஆயுள் முடிந்துவிட்டது, பதினெட்டையும் மாற்றிவிடுங்கள் என்று விலைப்பட்டியல் அனுப்பியிருக்கிறார்கள். நிர்வாகத்திடம் அவ்வளவு பெரிய தொகையைக் கேட்பதற்கு முன் காரணம் எனக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். எங்கிருந்து தேடத் தொடங்குவது?

பதில் 1 – நொய்யல்கரை

வணக்கம். கேள்வியை இவ்வளவு விவரமாக எழுதியதற்கு முதலில் நன்றி. பாதி விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது.

உப்புப் படிவு என்பது நீர் அடர்த்தியாகும் இடத்தில்தான் தொடங்கும். 75 விழுக்காடு நீரைப் பிரித்தெடுக்கும் அமைப்பில், கடைசி வெசலின் வால்பகுதிக்குச் செல்லும் நீரில் உப்புகள் நான்கு மடங்கு செறிந்திருக்கும். ஆகவே கால்சியம் கார்பனேட்டோ, சல்பேட்டோ, சிலிக்காவோ படிந்தால் இரண்டாம் கட்டத்தின் அழுத்த வேறுபாடுதான் முதலில் ஏற வேண்டும், கூடவே பெர்மியேட்டின் உப்பும் கூட வேண்டும். உங்களிடம் இரண்டுமே நடக்கவில்லை. சிலிக்காவையே எடுத்துக்கொள்ளுங்கள்: 26ஐ நான்கால் பெருக்கினால் 104. 25 டிகிரியில் சிலிக்காவின் கரைதிறன் ஏறத்தாழ 120 என்பதால் நீங்கள் இன்னும் எல்லைக்குள்தான் இருக்கிறீர்கள். கால்சியம் கார்பனேட் எல்லையைத் தாண்டும் என்பது உண்மை. அதற்காகத்தான் ஆன்டிஸ்கேலன்ட் போடுகிறோம், அது வேலை செய்துகொண்டும் இருக்கிறது. எனவே அளவை 7க்கு உயர்த்துவதால் உங்கள் சிக்கல் தீராது. ஏன் கெடுதலாகவும் முடியலாம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் கட்டத்தின் முகப்பில் மட்டும் அழுத்த வேறுபாடு ஏறுகிறது, உப்பு கூடவில்லை என்றால், வரும் நீரோடு வந்து முதல் எலிமென்ட்களில் சிக்கிக்கொள்ளும் ஏதோ ஒன்றுதான் காரணம். அது நுண்ணிய மண்ணாக இருக்கலாம், உடைந்த கார்பன் துகளாக இருக்கலாம், பெரும்பாலும் நுண்ணுயிர்களின் வழவழப்பான படலமாக இருக்கும். கழுவிய பிறகு முன்னைவிட விரைவாக ஏறுவது நுண்ணுயிர்ப் படலத்துக்கே உரிய குணம். படலத்தை முழுவதும் அகற்றாமல் பாதியில் விட்டால், எஞ்சிய பாதி தழைப்பதற்கு அதிக நாள் தேவைப்படாது.

இங்கேதான் உங்கள் சிட்ரிக் அமிலம் தவறாகப் போகிறது. படலம், கரிமப் பொருள் ஆகியவற்றின் மீது முதலில் அமிலத்தை விட்டால் அவை இறுகிப்போகும். பிறகு காரம்கூட அவற்றை எளிதில் கரைக்காது. கால்சியம் கார்பனேட்டோ இரும்போ மட்டுமே இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தால் ஒழிய, முதலில் காரம், அதன் பின்னரே அமிலம் என்ற வரிசையைத்தான் மெம்பரேன் தயாரிப்பாளர்களும் பரிந்துரைக்கிறார்கள். 0.1 விழுக்காடு காஸ்டிக் சோடாவும் 0.025 விழுக்காடு சோடியம் டோடெசில் சல்பேட்டும் சேர்ந்த கரைசல், பி.எச். 12, வெப்பநிலை 30 முதல் 35 டிகிரிக்குள். இது வழக்கமான தொடக்கம். உங்கள் மெம்பரேனின் குறிப்பேட்டில் உள்ள பி.எச்., வெப்பநிலை எல்லைகளை ஒருமுறை பார்த்துவிட்டுச் செய்யுங்கள். கரைசலை பெர்மியேட்டில் மட்டுமே கலக்க வேண்டும். 620 கடினத்தன்மையுள்ள கிணற்று நீரில் பி.எச். 12க்கு ஏற்றினால் தொட்டியிலேயே சுண்ணாம்பு திரிந்து, அதை நாமே மெம்பரேனுக்குள் ஏற்றிவிடுவோம். இதைச் செய்துவிட்டு மெம்பரேனைத் திட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்று வெசல்களையும் சேர்த்துக் கழுவுவதையும் நிறுத்துங்கள். எட்டங்குல வெசல் ஒன்றுக்கு மணிக்கு 6 முதல் 9 கன மீட்டர் வரை ஓட்டம் இருந்தால்தான் சவ்வு அடுக்குகளுக்கு நடுவேயுள்ள இடைவலையில் சிக்கிய அழுக்கு அசையும். உங்கள் கழுவும் பம்ப் எவ்வளவு தருகிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் மூன்றையும் சேர்த்துக் கழுவுகிறீர்கள் என்றால் வெசலுக்கு 3 கன மீட்டர்கூடக் கிடைப்பது ஐயமே. மேலும் முதல் கட்டத்தில் கரைந்த அழுக்கை இரண்டாம் கட்டத்துக்குள் தள்ளி அங்கே படியவிடுகிறீர்கள். கட்டம் கட்டமாகக் கழுவுங்கள். பம்ப் சிறியதாக இருந்தால் வெசல் வெசலாகக் கழுவுங்கள். முதலில் திரும்பி வரும் கலங்கிய நீரைத் தொட்டிக்கு விடாமல் வெளியே விட்டுவிடுங்கள். ஒரு மணி நேரம் சுழற்றி, ஒரு மணி நேரம் ஊறவிட்டு, மீண்டும் சுழற்றுங்கள்; படலம் பழையதாக இருந்தால் இரவு முழுவதும் மெல்லிய ஓட்டத்தில் ஊற வேண்டியிருக்கும்.

கழுவும் நேரத்தையும் பிந்தவிடாதீர்கள். தொடக்க நிலையிலிருந்து அழுத்த வேறுபாடு 15 விழுக்காடு கூடினாலோ, சீர்செய்து கணக்கிட்ட பெர்மியேட் அளவு 10 விழுக்காடு குறைந்தாலோ கழுவ வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். உங்களுக்கு அது 1.5 பார். நீங்கள் 2.4 வரை காத்திருக்கிறீர்கள். ஒரு வெசலுக்கு 3.5 பார், ஓர் எலிமென்ட்டுக்கு 1 பார் என்பதுதான் தாங்கும் எல்லை. அதைத் தாண்டினால் எலிமென்ட்டின் சுருள் ஒன்றுக்குள் ஒன்று நழுவி வெளியே துருத்திக்கொண்டு வந்துவிடும், அதற்குப் பிறகு எந்தக் கழுவலும் பயன் தராது.

சீர்செய்து கணக்கிடுவது பற்றி ஒரு வார்த்தை. நீரின் வெப்பநிலை ஒரு டிகிரி மாறினால் பெர்மியேட் ஏறத்தாழ 3 விழுக்காடு மாறும். மார்கழியில் எடுத்த அளவையும் சித்திரையில் எடுத்த அளவையும் அப்படியே ஒப்பிட்டால், மெம்பரேன் நன்றாக இருக்கும்போது கெட்டதாகவும், கெட்டிருக்கும்போது நன்றாகவும் தெரியும். பதிவேட்டில் வெப்பநிலைக்கு ஒரு கட்டம் இல்லையென்றால் இன்றே சேர்த்துவிடுங்கள்.

ஆனால் கழுவுவது வைத்தியம்தான். நோய் மெம்பரேனுக்கு முன்னால் இருக்கிறது. எனவே நீர் வடிதாளை எவ்வளவு விரைவாக அடைக்கிறது என்று காட்டும் எஸ்.டி.ஐ. சோதனையை ஓர் இடத்தில் மட்டும் எடுக்காமல் நான்கு இடங்களில் எடுங்கள்: தொட்டியிலிருந்து வரும் நீர், மணல் ஃபில்டருக்குப் பின், கார்பனுக்குப் பின், காட்ரிட்ஜுக்குப் பின். 0.45 மைக்ரான் வடிதாள், 2.1 பார் நிலையான அழுத்தம். முதல் 500 மில்லிலிட்டர் நிரம்பும் நேரத்தையும், பதினைந்து நிமிடம் ஓடவிட்ட பிறகு மீண்டும் 500 மில்லிலிட்டர் நிரம்பும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் நேரத்தை இரண்டாவதால் வகுத்து, ஒன்றிலிருந்து கழித்து, நூறால் பெருக்கி, பதினைந்தால் வகுத்தால் எஸ்.டி.ஐ. கிடைக்கும். 5க்கு மேல் போனால் தயாரிப்பாளரின் உத்தரவாதம் செல்லாது. 3க்குக் கீழே இருப்பது நல்லது. வடிதாள்களை எறிந்துவிடாமல் தேதியோடு ஒட்டி வையுங்கள். அவற்றின் நிறம் சொல்வதை எண்கள் சொல்வதில்லை.

அப்படியே முதல் கட்ட வெசல் ஒன்றின் முன்மூடியைக் கழற்றி, முதல் எலிமென்ட்டின் முகத்தைத் தொட்டும் முகர்ந்தும் பாருங்கள். மூடியைத் திரும்பப் போடும்போது ஓ-ரிங்குகளுக்கு கிளிசரின் மட்டும் தடவுங்கள். கிரீஸோ வாசலினோ கூடாது.

பதில் 2 – பழைய_ஆபரேட்டர்

நொய்யல்கரை ஐயா சொன்னது சரி. ஆனால் அவர் தொடாத ஓர் இடம் இருக்கிறது, அதுதான் பெரும்பாலான ஆலைகளில் யாரும் பார்க்காத இடம்: பேக்வாஷ், அதாவது நீரைக் கீழிருந்து மேலே எதிர்த்திசையில் விட்டு ஃபில்டரைக் கழுவுவது.

உங்கள் மணல் ஃபில்டரின் விட்டம் 1.5 மீட்டர் என்றால் அதன் பரப்பு 1.77 சதுர மீட்டர். மணிக்கு 20 கன மீட்டர் ஓடும்போது வேகம் மணிக்கு 11 மீட்டர் சொச்சம். வடிகட்டுவதற்கு இது பொருத்தமான வேகம். ஆனால் பேக்வாஷுக்கு எந்தப் பம்பைப் பயன்படுத்துகிறீர்கள்? அதே 20 கன மீட்டர் பம்ப் என்றால், அதே 11 மீட்டர் வேகத்தில்தான் நீர் கீழிருந்து மேலே போகும். அந்த வேகத்தில் மணல் அசையவே அசையாது. மணல் படுகை 20 முதல் 30 விழுக்காடு உயர்ந்து, துகளோடு துகள் உரசினால்தான் அழுக்கு கழலும். அதற்கு மணிக்கு 40 மீட்டர் அளவுக்கு வேகம் தேவை, அதாவது உங்கள் ஃபில்டருக்கு மணிக்கு 70 கன மீட்டர். கார்பன் எடை குறைந்தது என்பதால் அதற்கு 25 முதல் 30 மீட்டர் போதும். கணக்கிட்டால் 44 முதல் 53 கன மீட்டர் வரும்.

தினமும் பத்து நிமிடம் பேக்வாஷ் செய்கிறோம் என்று பதிவேட்டில் கையெழுத்து இருக்கும். வெளியே வரும் நீர் தெளிவாகவும் இருக்கும். ஏனென்றால் உள்ளே எதுவும் கழலவில்லை. ஆண்டுக்கணக்கில் இப்படி ஓடினால் மணலுக்குள் களிமண் உருண்டைகள் திரண்டு, நீர் அவற்றைச் சுற்றிக்கொண்டு நாலைந்து வழிகளில் மட்டும் பாயத் தொடங்கும். மேல்மூடியைத் திறந்து பார்த்தால் படுகை சமமாக இல்லாமல் மேடும் பள்ளமுமாக இருக்கும்.

திறக்கும்போது ஓர் எச்சரிக்கை. கார்பன் ஃபில்டருக்குள் யாரையும் சும்மா இறக்கிவிடாதீர்கள். ஈரமான கார்பன் தன்னைச் சுற்றியுள்ள காற்றிலிருந்து ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ளும். தொட்டிக்குள் எந்த நச்சு வாயுவும் இல்லாமலேயே மனிதர் மயங்கி விழுவார். காப்பாற்ற இறங்குபவரும் விழுவார். ஆக்சிஜன் அளவியால் அளந்து, காற்றோட்டம் கொடுத்து, கயிறு கட்டி, மேலே ஒருவர் நின்றால் மட்டுமே இறக்க வேண்டும். முடிந்தால் இறக்காமலே வெளியிலிருந்து வேலையை முடியுங்கள்.

மீண்டும் கேள்வி கேட்டவர் – பெருந்துறை_பராமரிப்பு

இருவருக்கும் மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடி நான்கு இடங்களிலும் சோதனை எடுத்தேன். வந்த எண்களைப் பார்த்து ஒருமுறை தவறாக எடுத்துவிட்டோமோ என்று ஐயப்பட்டு மறுநாளும் எடுத்தேன், அதே கதைதான். தொட்டி நீருக்கு முதல் நேரம் 30 நொடி, பதினைந்து நிமிடம் கழித்து 60 நொடி, எஸ்.டி.ஐ. 3.3. மணல் ஃபில்டருக்குப் பின் 32 நொடியும் 80 நொடியும், 4.0. கார்பனுக்குப் பின் 32 நொடியும் 118 நொடியும், 4.9. காட்ரிட்ஜுக்குப் பின் 4.6. அதாவது கிணற்றிலிருந்து வரும் நீரை நாங்கள் வடிகட்ட வடிகட்ட அது அழுக்காகிக்கொண்டே போகிறது.

பேக்வாஷ் அதே 20 கன மீட்டர் பம்பில்தான் நடக்கிறது. நிறுவிய நாளிலிருந்தே அப்படித்தான். எட்டு ஆண்டுகளாக யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. மேல்மூடியைத் திறந்தோம், பழைய_ஆபரேட்டர் ஐயா நேரில் பார்த்ததுபோலச் சொல்லியிருந்தார், ஓரத்தில் ஒரு சாண் ஆழத்துக்குப் பள்ளம். கோலிக்குண்டு அளவிலிருந்து எலுமிச்சை அளவு வரை உருண்டைகள். முதல் எலிமென்ட்டின் முகத்தில் பழுப்பு நிறத்தில் வழவழப்பான படலம் இருந்தது, சேற்று வாடை அடித்தது. காட்ரிட்ஜ்களும் தொட்டால் வழுக்குகின்றன. கழுவும் பம்பின் கொள்ளளவு மணிக்கு 8 கன மீட்டர், மூன்று வெசல்களுக்கும் சேர்த்து.

இப்போது கேட்க விரும்புவது: கார்பனை என்ன செய்வது? அதை நீக்கிவிட்டு மெட்டாபைசல்பைட்டை மட்டும் நம்பலாமா? மருந்து விற்பவர் இப்போது டி.பி.என்.பி.ஏ. என்ற கிருமிநாசினியை வாரம் ஒருமுறை போடச் சொல்கிறார்.

பதில் 3 – சவ்வும்_நீரும்

கார்பன் ஃபில்டர் குளோரினை நீக்குகிறது. நீக்கியதும் அதன் கீழ்ப்பகுதியில் குளோரினே இல்லாத, கரிமப் பொருள் ஒட்டியிருக்கும், சொரசொரப்பான பெரும் பரப்பு உருவாகிறது. நுண்ணுயிர்களுக்கு இதைவிட நல்ல குடியிருப்பை நாம் கட்டிக்கொடுக்க முடியாது. தொட்டியில் குளோரின் போடுவதால் நுண்ணுயிர்கள் ஒழிகின்றன என்று நினைக்கிறோம். உண்மையில் நீரில் உள்ள பெரிய கரிமச் சேர்மங்களைக் குளோரின் சிறு துண்டுகளாக உடைத்துவிடுகிறது, அந்தத் துண்டுகள் கார்பனிலும் மெம்பரேனிலும் தங்கியிருப்பவற்றுக்கு எளிதில் செரிக்கும் உணவாகின்றன. அதன் மேல் மெட்டாபைசல்பைட் வேறு. கார்பனுக்குப் பின் குளோரினே இல்லாதபோது நீங்கள் போடும் அத்தனையும் உபரி. அது நீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்று, காற்றில்லாத நிலையில் வளரும் வகைகளுக்கு வழிவிடுகிறது.

கார்பனை நீக்கி மெட்டாபைசல்பைட்டை மட்டும் நம்பலாமா என்றால், கணக்கு எளிது: ஒரு மில்லிகிராம் குளோரினுக்குக் கோட்பாட்டின்படி 1.34 மில்லிகிராம் போதும், நடைமுறையில் 3 மில்லிகிராம் போடுகிறார்கள். ஆனால் அந்த டோசிங் பம்பின் வால்வில் காற்றுக்குமிழி மாட்டிக்கொண்டு நின்றுவிட்டால்? பாலிஅமைடு மெம்பரேன் குளோரினுக்குத் தாளாது. அழுக்குப் படிந்தால் கழுவிக்கொள்ளலாம். குளோரின் அரித்த சவ்வைத் திரும்பப் பெற வழியே கிடையாது. குளோரின் எஞ்சியிருப்பதைக் காட்டிக்கொடுக்கும் ஓ.ஆர்.பி. மீட்டர் வைத்து, அளவு தாண்டினால் உயரழுத்தப் பம்பே நின்றுவிடும்படி இணைத்து, அந்த மீட்டரை வாரந்தோறும் சரிபார்க்கும் ஆள் உங்களிடம் இருந்தால் செய்யலாம். இரவுப் பணியில் ஒருவர் மட்டும் பாய்லரையும் ஆர்.ஓ.வையும் சேர்த்துப் பார்க்கும் ஆலைக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது, அதையே பரிந்துரைப்பேன்: ஆர்.ஓ.வுக்கு முன்னால் குளோரினே வேண்டாம். உங்களுடையது ஆழ்துளைக் கிணற்று நீர். ஆற்று நீரோ குளத்து நீரோ அல்ல. கிணறு நன்றாக மூடப்பட்டு, தொட்டி வெயிலும் தூசியும் படாமல் சுத்தமாக இருந்தால் குளோரின் இல்லாமலே ஓடும் அமைப்புகள் ஏராளம். தொட்டியைக் காலி செய்து, தேய்த்துக் கழுவி, ஒருமுறை மட்டும் அதிகக் குளோரினால் கிருமி நீக்கி, அந்த நீரை முழுவதும் வெளியேற்றிவிட்டு, அதன் பிறகு குளோரின் டோசிங்கின் இணைப்பையே கழற்றிவிடுங்கள். குளோரின் இல்லையென்றால் கார்பனுக்கு வேலை இல்லை, மெட்டாபைசல்பைட்டுக்கும் வேலை இல்லை. தூய்மைக்குத் தேவையான குளோரினை ஆர்.ஓ.வுக்குப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம்.

டி.பி.என்.பி.ஏ. நல்ல மருந்துதான், ஆனால் உங்கள் பெர்மியேட் உணவைத் தொடும் நீராகவும் போகிறதல்லவா? ஓடும் அமைப்பில் அதைச் செலுத்தக் கூடாது. அமைப்பை நிறுத்தி, தனியே சுழற்றி, பெர்மியேட்டை வடிகாலில் விட்டு, நன்றாக அலசிய பிறகுதான் திரும்ப இணைக்க வேண்டும். படலத்தைத் தளர்த்துவது காரம்தான். கிருமியைக் கொன்றாலும் அதன் உடல் மெம்பரேனிலேயே கிடக்கும்.

கடைசியாக ஆன்டிஸ்கேலன்ட் தொட்டி. அதை எந்த அளவுக்கு நீர்த்து வைத்திருக்கிறீர்கள், எப்போது கடைசியாகக் காலி செய்து கழுவினீர்கள்? ஆன்டிஸ்கேலன்ட்டில் உள்ள பாஸ்போனேட்டின் நீர்த்த கரைசலில் நுண்ணுயிர் வளரும். அங்கிருந்து டோசிங் பம்ப் அதை நேராக மெம்பரேனுக்கு அனுப்பும், மணல் ஃபில்டரும் கார்பனும் குறுக்கே நிற்காது. முதல் பதிலில் அளவைக் கூட்டுவது கெடுதலாகவும் முடியலாம் என்றது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

பதில் 4 – நொய்யல்கரை

ஆம், அதையே சொல்ல வந்தேன், நீளம் கருதி விட்டுவிட்டேன். சவ்வும்_நீரும் சொல்வதில் எனக்கு ஒரே ஒரு தயக்கம். நான் திருப்பூரில் சாயக் கழிவுநீர் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் பணியாற்றியவன். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டுப் பின்னர் துளி நீரும் வெளியேறாத முறையில் திறக்கப்பட்ட காலத்தில், மெம்பரேனை எப்படிக் காப்பது என்பதைத் தவறு செய்து செய்துதான் கற்றோம். அங்கே ரிஜெக்டின் ஒவ்வொரு லிட்டரையும் எரிபொருள் செலவிட்டு ஆவியாக்க வேண்டியிருந்ததால் தவறின் விலை உடனே தெரிந்துவிடும். அந்தப் பழக்கத்தில் கேட்கிறேன்: லாரித் தண்ணீர் வாங்குவீர்களா? கோடையில் கிணறு வற்றி, எங்கிருந்து எடுத்தார்கள் என்றே தெரியாத நீரை அதே தொட்டியில் இறக்கினால், குளோரின் இல்லாமல் ஓட்டும் திட்டம் ஒரே வாரத்தில் குலைந்துவிடும். லாரி நீரிலேயே குளோரினும் இருக்கலாம். கார்பன் இல்லாத நிலையில் அது நேரே மெம்பரேனுக்குப் போகும். ஒவ்வொரு லாரியையும் இறக்கும் முன் குளோரின் சோதனை செய்யாமல் ஏற்றுக்கொள்ளக் கூடாது என்று எழுதி ஒட்டுங்கள்.

இன்னொன்று, அழுத்தமானிகள். முதல் கட்டத்தின் உள்ளே செல்லும் அழுத்தத்துக்கு ஒரு மானி, வெளியே வருவதற்கு வேறொரு மானி என்று வைத்தால், இரண்டும் எதிரெதிர்த் திசையில் அரை பார் பிசகினாலே நீங்கள் காண்பது இல்லாத சிக்கலாக இருக்கும். ஒரே மானியை மூவழி வால்வால் இரண்டு இடங்களுக்கும் மாற்றி மாற்றிப் படிக்கும்படி செய்துகொள்ளுங்கள். மானியின் பிழை இரண்டு அளவிலும் ஒன்றாக இருப்பதால் கழித்தலில் போய்விடும்.

மீண்டும் கேள்வி கேட்டவர் – பெருந்துறை_பராமரிப்பு

மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னிக்கவும், எண்கள் நிலைக்கின்றனவா என்று பார்த்துவிட்டு எழுத நினைத்தேன்.

மணலை முழுவதும் மாற்றினோம். ஆலையில் பயனின்றிக் கிடந்த, மணிக்கு 75 கன மீட்டர் தரும் பம்பை பேக்வாஷுக்கென்று பொருத்தினோம். ஆனால் ஃபில்டரின் 80 மில்லிமீட்டர் குழாயில் அந்த ஓட்டம் நொடிக்கு நான்கு மீட்டருக்கு மேல் போகிறது என்பதால், வால்வுகளையும் சேர்த்து 100 மில்லிமீட்டருக்கு மாற்ற வேண்டியதாயிற்று. உண்மையில் பம்பைவிட இதற்குத்தான் அதிகம் செலவானது. முதல் சில நாள்கள் பேக்வாஷ் நீரை வாளியில் பிடித்து மணல் வெளியேறுகிறதா என்று பார்த்து, வால்வின் திறப்பைக் குறித்து வைத்தோம். ஒரு முறைக்குப் பன்னிரண்டு நிமிடம், 14 கன மீட்டர் செலவாகிறது. மணலுக்குப் பின் எஸ்.டி.ஐ. இப்போது 28 நொடி, 48 நொடி, 2.8.

ஆன்டிஸ்கேலன்ட் தொட்டியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 5 விழுக்காடாக நீர்த்து, ஆறு நாளுக்கு ஒருமுறை மேலே ஊற்றி நிரப்பி வந்திருக்கிறார்கள். அடியை யாரும் பார்த்ததில்லை. கவிழ்த்தபோது அடியில் கஞ்சிபோல் ஒரு படிவு. இப்போது நான்கு நாளுக்கு மட்டும் பெர்மியேட்டில் கலக்கிறோம், தீர்ந்ததும் கழுவிவிட்டுப் புதிதாகக் கலக்கிறோம். அளவு அதே 4 மில்லிகிராம்தான்.

குளோரினை நிறுத்திவிட்டோம், கார்பனைக் காலி செய்து ஃபில்டரைச் சுற்றி மாற்றுக் குழாய் போட்டோம். லாரி நீர் கோடையில் வாங்குவது உண்டு. அதற்குத் தனியாக 10 கன மீட்டர் தொட்டி வைத்து, சோதித்த பின்னரே திறக்கிறோம். சோதனைப் பெட்டி ஆபரேட்டர் மேசையிலேயே இருக்கிறது. உணவுப் பிரிவுக்குப் போகும் பெர்மியேட்டுக்கு மட்டும், பாய்லர் குழாய் பிரிந்த பிறகு குளோரின் சேர்க்கிறோம்.

மெம்பரேன்களை வெசல் வெசலாகக் காரத்தில் கழுவினோம். முதல் வெசலிலிருந்து வந்த நீர் கருந்தேநீர் நிறத்தில் இருந்தது, கரைசலை இரண்டு முறை புதிதாகக் கலக்க வேண்டியிருந்தது. இரவு முழுவதும் ஊறவிட்டு, மறுநாள் மீண்டும் காரம், அதன் பின் சிட்ரிக் அமிலம். ஒரே மானியால் எடுத்த அழுத்த வேறுபாடு அன்று 1.2 பார், பதினோரு வாரம் கழித்து இன்று காலை 1.3. பெர்மியேட், வெப்பநிலையைச் சீர்செய்து கணக்கிட்டால், நிறுவிய காலத்து அளவிலிருந்து 7 விழுக்காடு குறைவு. எட்டாண்டுப் பழைய மணலையும் தவறான பேக்வாஷையும் தாங்கிய சவ்வுகள் என்று பார்த்தால் எனக்கு இது போதும். பதினெட்டு மெம்பரேன்களுக்கான விலைப்பட்டியல் இன்னும் மேசை இழுப்பறையில் இருக்கிறது; முதல் கட்டத்தின் முன்வரிசை எலிமென்ட்கள் இரண்டை மட்டும் அடுத்த ஆண்டுப் பட்ஜெட்டில் கேட்டிருக்கிறேன்.